தட்டினால் ஓடும், விட்டால் நிற்கும்: மாதிரி ரயில் இன்ஜினில் வந்து வந்து போகும் மின்கோளாறுகள்

வாலாஜா ரோடு ஸ்டேஷனை எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காக, மொட்டைமாடி அறையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்த இடம் அது. அன்று அந்த ஸ்டேஷனுக்கு ஆற்காடு என்று பெயர். அந்த ரயில் சேர்ந்துவிட்டது. என்னுடையதுதான் இரண்டாம் பிளாட்பாரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுகொண்டே இருந்தது. நின்ற ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். பிறகு காட்பாடி, குடியாத்தம், ஆரணி என்று இதே பைத்தியம் பிடித்தவர்கள் தங்கள் இன்ஜின்களையும் துணியில் சுற்றிக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். நோட்டு இரண்டாகிவிட்டது. கீழே இருப்பது அந்த நோட்டுகளின் சாரம்.

முழுதாகச் செத்துப்போன இன்ஜினைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதைப் பிடிப்பது சுலபம். ஓடும், நிற்கும், தொட்டால் ஓடும், விருந்தாளி வந்தால் நிற்கும் என்கிற வகைக்குத்தான் இந்த வழிமுறை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் பெட்டி தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்சாரத்தைச் சக்கரங்கள் எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கின்றன. அந்த வழியில் எங்கோ இரண்டு உலோகங்கள் தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நின்ற அந்த நொடியில் எது அசைந்தது, எது சூடேறியது?

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. சாதாரண மல்டிமீட்டர். மொபைல் உதிரிபாகக் கடையில் விற்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். காது குடையும் பஞ்சுக்குச்சி, பல்குத்தும் குச்சி, சிறிய ஸ்க்ரூ டிரைவர், சாலடரிங் அயர்ன். இவற்றோடு மோட்டார் பைக்கின் 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று. அதன் அடியில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். என் மேசையில் மல்டிமீட்டரைவிட அதிகமாக உழைத்தது அந்தப் பல்புதான். காரணம் பின்னால் வருகிறது.

மூடியைக் கழற்றும் முன்

நன்றாக ஓடும் வேறொரு இன்ஜினை அதே இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அதுவும் நின்றால் கோளாறு தண்டவாளத்தில். அது ஓடி, இது நின்றால் கோளாறு இன்ஜினில். இரண்டு நிமிட வேலை. ஆனாலும் என்னிடம் வந்த இன்ஜின்களில் ஏறக்குறைய பாதியை இந்தச் சோதனை செய்யாமலே திறந்துவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். திறந்ததில் ஒரு ஸ்பிரிங் பறந்துபோய், இல்லாத கோளாறு ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கும்.

வேறு இன்ஜின் இல்லையென்றால், நின்ற இடத்தில் தண்டவாளத்தின் பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பத்துச் சுற்று ஓடட்டும். கோடுகள் ஒரே இடத்தில் குவிந்தால் முதல் அறிகுறிக்குப் போங்கள். சிதறிக் கிடந்தால் இரண்டாவதற்கு.

அறிகுறி 1: எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிறது

அது பாயிண்டின் மேலா, அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்திலா? பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் குறுக்கிடும் முனையை ஃபிராக் என்பார்கள். பல பாயிண்டுகளில் அது பிளாஸ்டிக். அங்கே மின்சாரம் கிடையாது. நீளமான இன்ஜின் அதைத் தாண்டிவிடும். நான்கே சக்கரத்தில் ஓடும் சிறிய ஷண்டிங் இன்ஜின் மெதுவாகப் போனால் நின்றுவிடும். இது கோளாறில் சேர்த்தியில்லை, கொஞ்சம் வேகமாக ஓட்டினால் போதும். நீளமான இன்ஜினும் அங்கே நிற்கிறது என்றால், அசையும் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு சேரும் இடத்தைப் பாருங்கள். சில பாயிண்டுகளில் அந்தத் தொடுகை வழியாகத்தான் மின்சாரமே போகிறது. அங்கே ஒரு மணல் பொடி இருந்தால் போதும். பாலாற்றில் தண்ணீர் இல்லாத நாட்களில் எங்கள் பக்கம் மணலுக்குப் பஞ்சமே இல்லை. ஆல்கஹாலில் நனைத்த துண்டுக் காகிதத்தை இடையில் வைத்து, நாக்கை மூடி, காகிதத்தை இழுங்கள்.

பாயிண்டைத் தாண்டி ஒரு முழு நீளத்துக்கும் தயங்குகிறதா? தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு தகடுகள் தளர்ந்திருக்கும். இங்கேதான் அந்தப் பல்பு தேவைப்படுகிறது. மல்டிமீட்டரை மட்டும் வைத்தால் எந்த மூலையிலும் 12 வோல்ட் காட்டும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள். மீட்டர் கிட்டத்தட்ட மின்சாரமே இழுப்பதில்லை. ஆகவே நூலிழைத் தொடுகைகூட அதற்கு நல்ல இணைப்பாகத் தெரியும். பல்பு ஏறத்தாழ 0.4 ஆம்பியர் இழுக்கும்; ஓர் இன்ஜின் இழுப்பதும் சுமார் அவ்வளவே. பல்பைத் தண்டவாளத்தின் மேல் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் மீட்டரையும் வையுங்கள். கன்ட்ரோலர் பக்கத்தில் 12, கடைசி மூலையில் 11-க்கு மேல் என்றால் கவலை இல்லை. 9 அல்லது 8 என்று இறங்கினால், பல்பை ஒவ்வோர் இணைப்பாகத் தாண்டி நகர்த்திக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் சட்டென்று மங்குகிறதோ அதுதான் குற்றவாளி.

தகட்டைக் குறடால் லேசாக நெரித்தால் சில மாதங்கள் தாங்கும். நிரந்தரமாகச் சரியாக வேண்டுமானால், தள்ளியிருக்கும் அந்தத் துண்டுக்குக் கன்ட்ரோலரிலிருந்து தனியாக ஒரு ஜோடிக் கம்பி இழுத்துத் தண்டவாளத்தின் பக்கத்தில் பற்றவையுங்கள். நான் ஒரு மீட்டருக்கு ஒரு ஜோடி என்று கணக்கு வைத்திருக்கிறேன். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் அதன்பிறகு அந்தப் பக்கம் குனியவே வேண்டியிருக்கவில்லை.

பகலில் மட்டும் நிற்கிறதா? இது எங்கள் ஊருக்கே உரிய கிளை. அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் நான்கு மீட்டர் நேர்த் தண்டவாளம் காலைக்கும் மதியத்துக்கும் இடையில் ஒன்றரை மில்லிமீட்டர்வரை நீளும். இடைவெளியே விடாமல் பற்றவைத்திருந்தால் அது பக்கவாட்டில் வளைந்து இணைப்பைத் திருகும்; இரவில் சுருங்கியதும் பழையபடி சேர்ந்துகொள்ளும். எல்லா இணைப்புகளையும் பற்றவைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று துண்டுகளுக்கு ஒருமுறை ஓர் இணைப்பைத் திறந்தபடி, ஒரு விசிட்டிங் கார்டு தடிமன் இடைவெளியோடு விடுங்கள். மின்சாரத்தை அந்தத் தனிக் கம்பிகள் பார்த்துக்கொள்ளும்.

அறிகுறி 2: எங்கு வேண்டுமானாலும் நிற்கிறது, தட்டினால் ஓடுகிறது

அழுக்கு. பத்தில் ஏழு முறை வேறெதுவும் இல்லை. முதலில் தண்டவாளத்தின் மேல்பகுதியை ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது விட்டுச்செல்லும் கீறல்களில் அடுத்த வாரமே அழுக்கு இன்னும் சீக்கிரம் படியும். இரும்புக் கம்பளி கூடவே கூடாது. அதன் இழைகளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், பிறகு மோட்டாரையே மாற்ற வேண்டியதுதான்.

என் வீட்டில் சனிக்கிழமை தோறும் இன்ஜின்கள் தயங்கின. மூன்று வாரம் நோட்டைப் புரட்டிய பிறகுதான் பிடிபட்டது: வெள்ளிக்கிழமை மாலை வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவது வழக்கம், மாடி அறை உட்பட. புகையில் இருக்கும் பிசின் தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். சாமியை நிறுத்த முடியாது, ரயில் நின்றால் நிற்கட்டும் என்றார். இப்போது வெள்ளி மாலை மட்டும் பழைய போர்வை ஒன்றைப் போட்டு மூடிவிடுகிறேன். தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து சக்கரங்கள். ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தண்டவாளத்தின் குறுக்கே விரியுங்கள். இன்ஜினின் ஒரு முனையில் உள்ள போகியை (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) காகிதத்தின் மேலும், மறுமுனையை வெறும் தண்டவாளத்தின் மேலும் வைத்துக் கையால் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுங்கள். காகிதத்தின் மேல் சக்கரங்கள் சுழன்று இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். கோடு விழாமல் சுத்தமாகும்வரை காகிதத்தை நகர்த்துங்கள், பிறகு இன்ஜினைத் திருப்பி வையுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வைத்து, காகிதத்தைச் சொட்டாத அளவுக்கு மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

அச்சில் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்று கூர்முனைச் சாமணத்தால் பாருங்கள். எண்ணெய் தேய்த்த முடி ஒன்று சுற்றிக்கொண்டால், சக்கரத்தின் முதுகுக்கும் அதன்மேல் உரசும் தகட்டுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும்.

சுத்தமாக இருந்தும் நிற்கிறதா? இப்போது மூடியைக் கழற்றலாம். மீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில், அதாவது ‘பீப்’ அடிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு முனை சக்கரத்தில், மறுமுனை அந்தப் பக்கத்துச் சிவப்பு அல்லது கறுப்புக் கம்பி சர்க்யூட் போர்டில் சேரும் இடத்தில். சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றுங்கள். சத்தம் விடாமல் கேட்க வேண்டும். விட்டுவிட்டுக் கேட்டால் உரசு தகட்டில் அழுக்கு இருக்கும், அல்லது அது வளைந்து சக்கரத்தை விட்டு விலகியிருக்கும். மெல்லிய செம்புக் கலப்புத் தகடு அது. பல்குத்தும் குச்சியால் ஒரு மயிரிழை உள்ளே தள்ளினால் போதும். அதிகம் அழுத்தினால் சக்கரம் இறுகிவிடும். ரப்பர் வளையம் மாட்டிய சக்கரத்தில் பீப் வராது. அது மின்சாரம் எடுப்பதில்லை, இழுக்க மட்டுமே.

அறிகுறி 3: வளைவில் மட்டும், அல்லது ஒரு திசையில் மட்டும் வெட்டுகிறது

வளைவில் போகி திரும்பும்போது அதற்குப் போகும் கம்பியும் மடங்குகிறது. பல வருடம் மடங்கிய கம்பி மேலுறைக்குள்ளேயே அறுந்துபோயிருக்கும். வெளியே பார்த்தால் புத்தம் புதியது. இன்ஜினைக் கையில் கவிழ்த்துப் பிடித்து, மேலே சொன்ன பீப் சோதனையை வைத்துக்கொண்டே போகியை இடமும் வலமும் கடைசிவரை திருப்புங்கள். சத்தம் அறும் பக்கத்துக் கம்பியை இரு முனையிலும் மெதுவாக இழுத்தால், ஓரிடத்தில் ரப்பர்போல நீளும். உள்ளே செம்பு அறுந்த இடம் அதுதான். ஒட்டுப்போட வேண்டாம். பல இழை கொண்ட மெல்லிய கம்பியாக முழுதாக மாற்றுங்கள். ஒற்றை இழைக் கம்பி இங்கே ஆறு மாதம் தாங்காது.

கம்பியில் குறையில்லை என்றால் சர்க்யூட் போர்டைப் பாருங்கள். பல இன்ஜின்களில் கம்பியைப் பற்றவைக்காமல் சிறிய கறுப்பு பிளாஸ்டிக் மூடியால் அழுத்தி வைத்திருப்பார்கள். வருட வெயிலில் மூடி தளர்ந்துவிடும். விரலால் அழுத்தினால் ஓடும், எடுத்தால் நிற்கும். மூடிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பற்றவையுங்கள். இது சிக்கனமான வைத்தியம், பலன் மிகப் பெரியது. என்னிடம் வந்ததில், தம் இன்ஜின் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, விற்கவே எடுத்து வைத்திருந்த ஒருவருடைய டீசல் இன்ஜின் இந்த எட்டுச் சொட்டு ஈயத்தில் பிழைத்தது.

நீராவி இன்ஜின் என்றால், பின்னால் வரும் நிலக்கரி வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் வகை உண்டு. இரண்டையும் இணைக்கும் கொக்கியே கம்பியின் வேலையையும் செய்யும். அந்தத் துளையையும் கொக்கியையும் சுத்தம் செய்யுங்கள்.

அறிகுறி 4: விளக்கு எரிகிறது, இன்ஜின் நகரவில்லை

எல்.இ.டி. விளக்கு எரிகிறது என்பதை நம்பாதீர்கள். துளி மின்சாரத்தில் அது எரியும். அழுக்குத் தண்டவாளத்திலும் எரியும். முதலில் அறிகுறி 2-ஐ முடித்துவிட்டு வாருங்கள். பழைய இழை பல்பு இருந்தால் அது பொய் சொல்லாது:

விளக்கு பளிச்சென்று எரிகிறது, மோட்டாரில் சத்தமே இல்லை: மோட்டாருக்குள் மின்சாரம் போகவில்லை.

விளக்கு மங்குகிறது, மோட்டார் முனகுகிறது: மின்சாரம் போகிறது, ஏதோ இறுகிப்பிடித்திருக்கிறது. அறிகுறி 5-க்குப் போங்கள்.

முனகல் இல்லையென்றால், மோட்டாரின் முனையில் இருக்கும் கார்பன்களை, அதாவது சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு கரித்துண்டுகளைப் பாருங்கள். பழைய வகை மோட்டாரில் கழற்றலாம். ஸ்பிரிங்கை விரலால் மூடிக்கொண்டு கழற்றுங்கள், இல்லையேல் அது பறந்து மேசைக்கு அடியில் போய்விடும். கார்பன் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். கார்பன்கள் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரை ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, செம்புத் துண்டுகளின் நடுவே உள்ள கோடுகளில் அடைந்திருக்கும் கறுப்புப் பொடியைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். அரம், ஊசி எதுவும் வேண்டாம்.

தட்டினால் ஓடும், நின்றபின் திரும்பக் கிளம்ப மறுக்கும், ஆனால் ஓட ஆரம்பித்துவிட்டால் நிற்காது: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்களில் ஒன்று அறுந்திருக்கிறது. மோட்டாரின் இரு கம்பிகளையும் கழற்றி, மீட்டரை ஓம் நிலையில் வைத்து, அச்சை விரலால் மெல்ல மெல்லச் சுழற்றுங்கள். நல்ல மோட்டாரில் எண் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். பெரும்பாலும் பத்துக்கும் நாற்பதுக்கும் இடையில். ஓரிடத்தில் மட்டும் எகிறினால் அந்தச் சுருள் போய்விட்டது. தலைமுடி பருமன் கம்பியைத் திருப்பிச் சுற்றித்தர வேலூரில் உள்ள மோட்டார் வைண்டிங் கடைக்காரர் ஒருவரைக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி அதைப் பார்த்தவர், “இதை நான் சுற்ற வேண்டுமானால் என் பேரன் பிறக்க வேண்டும், அவன் கண் வேண்டும்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். புதிய மோட்டார் வாங்குவதே வழி.

அறிகுறி 5: சற்று நேரம் ஓடி, சூடேறி நிற்கிறது

ஆறவைத்தால் மறுபடி ஓடும். இக்கால எச்.ஓ. இன்ஜின் பெட்டிகள் இல்லாமல் ஓடும்போது அரை ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கன்ட்ரோலரின் ஒரு கம்பியில் தொடராக வைத்துப் பாருங்கள். சோதனை முடிந்ததும் மீட்டர் கம்பியைப் பழைய துளைக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள்; இரண்டு ஃபியூஸ் போய்க் கற்ற பாடம்.

அதிகம் இழுக்கிறதா? பல்சக்கரங்களில் பழைய கிரீஸ் மெழுகாகியிருக்கும், அல்லது யாரோ தவறான எண்ணெய் விட்டிருப்பார்கள். ஒரு மார்கழியில் வந்த இன்ஜின் மதியம் ஓடியது, விடியற்காலையில் கன்ட்ரோலரையே அணைத்தது. சூடானால் நிற்கும் இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன்; சூடானால் ஓடும் இன்ஜின் அதுதான் முதல். கியர்ப் பெட்டியைத் திறந்ததும் வாசனையே சொல்லிவிட்டது: தேங்காய் எண்ணெய். அடுக்களைப் புட்டியில் உறைவதுபோலவே பல்சக்கரங்களின் நடுவிலும் வெள்ளையாக உறைந்து நின்றது. எல்லாவற்றையும் கழுவி, பிளாஸ்டிக்குக்குத் தீங்கில்லாத மெல்லிய எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஒவ்வொரு தாங்கியிலும் ஒரு புள்ளி வைத்தேன். ஒரு புள்ளி என்றால் ஒரு புள்ளிதான். மிச்சம் வழிந்து கம்யூட்டேட்டருக்குப் போனால் அறிகுறி 4-க்குத் திரும்புவீர்கள்.

அளவாகவே இழுத்தும் நிற்கிறதா? பற்றவைப்பு ஒன்று விரிசல் விட்டிருக்கும். சூட்டில் விரிந்து விலகுகிறது. பளபளக்காமல் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும் ஈயத்தைத் தேடி, மறுபடி உருக்குங்கள்.

அறிகுறி 6: கன்ட்ரோலர் திடீர் திடீரென்று தானே அணைகிறது

இது தொடுகை இல்லாத கோளாறுக்கு நேர் எதிர்: தொடக்கூடாத இரண்டு தொடுகின்றன. பாயிண்டைக் கடக்கும்போது மட்டும் என்றால், சக்கர ஜோடியின் உட்புற இடைவெளியை வெர்னியரால் அளவெடுங்கள். எச்.ஓ.வில் அது 14.4 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் சக்கரத்தின் முதுகு எதிர்த் தண்டவாளத்தை உரசும். சக்கரத்தைச் சற்றே திருகி வெளியே இழுங்கள். மற்ற இடங்களிலும் அணைகிறது என்றால், மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். மூடி இல்லாமல் நன்றாக ஓடினால், மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு கம்பி நசுங்கிக்கொண்டிருக்கிறது.

எல்லா இன்ஜின்களுக்கும் அணைகிறது, அதுவும் கோடைக்கால மாலைகளில் என்றால், வீட்டு மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த கன்ட்ரோலர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அதற்குப் பிறகு சோதிக்க எதுவும் மிச்சமிருக்காது.

அறிகுறி 7: டி.சி.சி. இன்ஜின் துள்ளுகிறது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை

டி.சி.சி. என்பது தண்டவாளம் வழியாகவே ஒவ்வோர் இன்ஜினுக்கும் அதன் முகவரி எண்ணில் கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை. அந்தக் கட்டளையைப் படிக்க இன்ஜினுக்குள் இருக்கும் சிறு போர்டுதான் டிகோடர். மேலே உள்ள ஆறும் இதற்கும் பொருந்தும், ஒரு மடங்கு கூடுதலாக. தூசி ஒரு கணம் மறைத்தாலும் டிகோடர் அணைந்து புதிதாக விழிக்கும்.

தானாகவே முழு வேகத்தில் பாய்கிறதா? டிகோடர் ஒரு கணம் தண்டவாளத்தைச் சாதாரண டி.சி. (நேர்மின்) பாதை என்று நினைத்துவிட்டது. டிகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் சி.வி. எண்களில் 29-இன் மதிப்பைப் படியுங்கள். பெரும்பாலும் 6 இருக்கும். அதில் 4 என்பது டி.சி. ஓட்டத்துக்கான அனுமதி. அதைக் கழித்து 2 எழுதுங்கள்.

பெயரை மறந்துவிட்டதா? முகவரி 3-இல் கூப்பிட்டுப் பாருங்கள். பதில் வந்தால், டிகோடர் தொடக்க நிலைக்குத் திரும்பியிருக்கிறது. வராவிட்டால் டிகோடரை அதன் செருகியிலிருந்து எடுத்து, ஊசிகளைத் துடைத்து, மறுபடி அழுத்திச் செருகுங்கள். பிறகு பல தயாரிப்புகளில் சி.வி. 8-இல் 8 எழுதினால் முழுதாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

புதிய டிகோடரைப் பொருத்துபவர்கள் ஒன்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு, சாம்பல் நிறக் கம்பிகள் மோட்டாருக்கு, சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு. மோட்டாரின் எந்த முனையும் உலோகச் சட்டத்தைத் தொடக்கூடாது. தொடுகிறதா என்பதை மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே மீட்டரால் பாருங்கள். கொடுத்த பிறகு புகைதான் பதில் சொல்லும்.

டி.சி.சி. பாதையில் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை வையுங்கள். உடனே கன்ட்ரோலர் அணைய வேண்டும். அணையாமல் நாணயம் சூடேறினால் அந்தப் பகுதிக்கான கம்பி மெல்லியது அல்லது இணைப்பு பலவீனம். அதைச் சரிசெய்யும்வரை அங்கே இன்ஜினை விடாதீர்கள்.

எப்போது இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும்

கன்ட்ரோலரின் பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது. அதைத் திறக்கும் வேலை மின்பழுதாளருடையது. உருகும் வாடை வந்தால் செருகியைப் பிடுங்கிவிட்டு அவரிடம் எடுத்துச் செல்லுங்கள். டிகோடரில் ஒரு பாதை கருகியிருந்தால், கைபேசிக்கு நுண்ணோக்கியின் கீழ் பற்றவைப்பவரிடம் கொடுத்துப் பாருங்கள். விலை குறைந்த டிகோடர் என்றால் கூலியைவிடப் புதியது மலிவாக வரும். ஒலியோடு வரும் டிகோடர் என்றால் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. உத்தரவாதக் காலம் முடியாத இன்ஜினின் மூடியைத் தொடவே தொடாதீர்கள். தண்டவாளம், சக்கரம் இரண்டையும் சுத்தம் செய்து பார்த்துவிட்டு, வாங்கிய இடத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

யாரிடம் கொடுத்தாலும் ஒரு துண்டுச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்: எத்தனை நிமிடம் ஓடிய பிறகு நின்றது, எந்தத் திசையில், வளைவிலா நேரிலா, காலையிலா மதியத்திலா, தட்டினால் ஓடியதா. “சில சமயம் நிற்கிறது” என்று மட்டும் எழுதி வந்த ஒரு பச்சை இன்ஜின் என் மேசையில் நான்கு மாதமாக இருக்கிறது. இதுவரை ஒருமுறைகூட நிற்கவில்லை.